மாட்டேன்

தளியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற பிரதேசம் அது. முன் ஆசனத்தில் ஒரு தாய், பக்கத்திலிருந்த அம்மாளிடம் தன் மகளைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறார்களாம். பள்ளிப் படிப்பு முடியாமல் கல்யாணம் கூடாது என்கிறாளாம் பெண். "திமிரு!" என்றாள் அந்த அம்மாள். "அடங்காப்பிடாரி" என்றாள் தாய். ஜன்னலோரம் இருந்த பெண் ஒரே வார்த்தை சொன்னாள்: "மாட்டேன்."

பணிய மறுப்பவரைக் குறிக்க நம்மிடம் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. திமிர், கொழுப்பு, முரண்டு, வாயாடித்தனம் எல்லாம் கட்டளையிடுகிறவர் வாயில் பிறந்தவை. கௌரவமான சொல்லாகிய கீழ்ப்படியாமையும் மறுப்பவரை முதலில் கீழே நிறுத்திவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. "முடியாது" என்பதில் ஆளே இல்லை. "மாட்டேன்" என்பதில்தான் மறுக்கிற "நான்" விகுதியாகவாவது நிற்கிறது.

1930-ல் ஒரு நல்ல சொல் ஊரெங்கும் வழங்கியது: சட்டமறுப்பு. அதில் கீழும் இல்லை, வசையும் இல்லை. இதே ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, அந்த ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்தார். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் எதிர்த்துப் பேசவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஆனால் நம் நாவலாசிரியர்கள் அந்த நல்ல சொல்லைக் கதர் உடுத்தியவனுக்குத்தான் கொடுத்தார்கள். மருமகளுக்கும் வேலைக்காரிக்கும் பழைய வசைகளே மிஞ்சின. கல்கி விதிவிலக்கு. 1939-ல் வந்த 'தியாக பூமி'யில், புருஷனோடு வாழ மாட்டேன் என்று சாவித்திரியைக் கோர்ட்டிலேயே சொல்லவைத்தார். முடிவில் அவரும் அவளைத் தேசப் போராட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். அவளுடைய மறுப்பு மட்டுமே போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இளங்கோவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. கண்ணகியைக் கண்டு நடுங்கிய வாயிற்காவலன், தெய்வங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவள் அவர்களில் ஒருத்தியும் அல்லள் என்கிறான். கைவசமுள்ள பெயர் எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. அந்த இடத்தில் வசை ஒன்றைப் போட்டு நிரப்பாததுதான் கவியின் பெருமை. கடைசியில் கள்வன் என்ற பெயரை அரசனே தன்மேல் ஏற்றுக்கொள்கிறான்.

பிறரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. என் நாவல் ஒன்றில் வேலையை உதறிப் போகும் ஒருத்தியைப் பற்றி, "திமிராகப் பார்த்துவிட்டுப் போனாள்" என்று எழுதியிருக்கிறேன். அது எஜமானியின் பார்வை. ஆசிரியன் பார்வை என்று வாசகர்களை நம்பவைத்தேன். மறுபதிப்பு வந்தால் அந்த ஒரு சொல்லை அடிக்க வேண்டும்.

ஆனால் பஸ்ஸில் நடந்ததற்கு மறுபதிப்பு ஏது? ஏனம்மா மாட்டாய் என்று அந்தப் பெண்ணை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.