புண்ணும் சாட்சியும்: பண்டித ரமாபாயின் தன்வரலாற்று நூலை முன்வைத்து

சாட்சி என்பது வழக்குமன்றத்திலும் திருச்சபையிலும் ஒருங்கே வழங்கும் சொல். கண்ணால் கண்டவர் என்பது அதன் வடமொழிப் பொருள். மன்றத்தில் சாட்சி சொல்பவர் குறுக்கு விசாரணைக்கு உட்படுவார். சபையில் சாட்சி சொல்பவரை எவரும் வினவுவதில்லை. 'ஆமென்' என்று ஏற்றுக்கொள்வர். இவ்வேறுபாடே கிறித்தவச் சாட்சி என்னும் இலக்கிய வகையின் அமைப்பைப் பெரிதும் வரையறுத்துள்ளது எனலாம். முன்பு இருள், பின்பு ஒளி; இடையே ஒரு கணம். கொடுமைக்கும் இழப்புக்கும் ஆளான பெண்ணொருத்தி இவ்வமைப்பினுள் தன் கதையைச் சொல்ல முற்படும்போது, புண் ஆறிவிட்டது என்று சொல்லியே தீரவேண்டிய நெருக்கடி அவளுக்கு நேர்கிறது. பண்டித ரமாபாய் (1858–1922) 1907ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட சாட்சி நூல் இந்நெருக்கடிக்கு இணங்கியும் மீறியும் செல்கிறது. அது மீறும் இடங்களிலேயே நம்பத்தக்கதாகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கும் மகளுக்கும் வடமொழி கற்பித்தவர். அதன்பொருட்டுச் சாதியாரின் எதிர்ப்பையும் ஏற்றவர். குடும்பம் புராணம் வாசித்துக்கொண்டு தலந்தோறும் நடந்தே திரிந்தது. 1870களின் தென்னாட்டுப் பஞ்சக் காலத்தில் ரமாபாய் தாய் தந்தையரையும் தமக்கையையும் இழந்தார். எஞ்சிய தமையனுடன் 1878இல் கல்கத்தா சேர்ந்து, அங்குப் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களைப் பெற்றார். 1880இல் தமையனும் இறந்தார். அதே ஆண்டில் வேற்றுச் சாதியினரான வங்க வழக்கறிஞரை மணந்தார். பத்தொன்பது மாதங்களில் கணவர் வாந்திபேதியால் மறைந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. இத்தனை சாவுகளுக்குப்பின் எஞ்சிய ஒருவர் எழுதிய நூலில் கணவரின் மறைவுக்குச் சில வரிகளே கிடைக்கின்றன. அத்துயரம் தம்மைக் கடவுளுக்கு அருகில் ஈர்த்தது என்று கூறி நூல் நகர்ந்துவிடுகிறது. சாட்சி வகையின் மரபு இங்கு ஆசிரியரின் கையைப் பற்றி அழைத்துச் செல்வது புலனாகிறது.

ஆயின் 1883இல் இங்கிலாந்து சென்ற பின் நிகழ்ந்த ஒன்றைக் கூறுமிடத்தில் நடை மாறுகிறது. இலண்டனை அடுத்த புல்ஹாமில் கன்னியர் நடத்திய மீட்பு இல்லத்துக்கு அவர் அனுப்பப்படுகிறார். உலகம் 'கெட்டவர்' என ஒதுக்கிய பெண்கள் அங்கு மாறிய வாழ்வினராய், பிறருக்குப் பணிபுரிவோராய் இருப்பதைக் காண்கிறார். இவர்களிடம் உங்களுக்கு ஏன் இந்தப் பரிவு என்று கன்னியர் ஒருவரை வினவுகிறார். விடையாகக் கிடைத்தது கோட்பாடன்று. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம். ஐந்து கணவரைக் கண்ட சமாரியப் பெண் நண்பகலில் தனியே கிணற்றுக்கு வருகிறாள். அவளிடம் இயேசு முதலில் கேட்பது தண்ணீர். யாரும் தீண்டத் தயங்கும் பெண்ணிடம் ஒருவர் தம் தேவையைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறார். அவளோ குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் சென்று பேசுகிறாள். ரமாபாய் இவ்விடத்தில் இந்து நூல்களோடு செய்யும் ஒப்பீடு வாதப்போக்குடையது. அதனை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும் பேச்சு மீளப்பெறுதலே நலம்பெறுதலின் தொடக்கம் என்பதை அவர் கண்டுகொண்டார் என்பது மறுக்கவியலாதது.

அவ்வாண்டு செப்டம்பர் 29இல் மகளுடன் திருமுழுக்குப் பெறுகிறார். வகைமரபின்படி கதை இங்கு முடிய வேண்டும், முடியவில்லை. கிறித்தவ மதம் கிடைத்தது, கிறித்து கிடைக்கவில்லை என்னும் பொருள்படத் தம் திருமுழுக்குக்குப் பிந்திய ஏறத்தாழ எட்டு ஆண்டுகளை அவரே மதிப்பிடுகிறார். 1977இல் நூலாக வெளிவந்த அவருடைய கடிதங்கள் இக்காலத்தை மேலும் விளக்குகின்றன. ஒரு குருக்கள் குலத்தின் நுகத்தினின்று விடுபட்ட தாம் மற்றொன்றுக்குக் கழுத்தை நீட்டுவதற்கில்லை என்று கன்னியருக்கு எழுதிய பெண் அவர். நம்பிக்கை அவருக்கு அடக்கத்தைக் கற்பிக்கவில்லை. இதனைச் சிலர் குறையாகக் கண்டனர்; நாம் அவ்வாறு காண இடமில்லை.

1896–97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் தலைவிரித்தபோது அவர் எழுதிய சிறுநூலையும் சாட்சியோடு சேர்த்தே படித்தல் வேண்டும். பட்டினிச் செய்தி கேட்டதும் தம் பெற்றோர் பசியால் மெலிந்து மடிந்த நாட்கள் நினைவில் எழுந்ததாகக் கூறித் தொடங்குகிறார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட புண் அப்போதும் வலிக்கிறது. ஆனால் அவ்வலியே அவரை இருப்பூர்தி ஏற்றுகிறது. சுமார் 300 பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வருகிறார். பூனாவை அடுத்த கேட்காவ்ன் முக்தி இல்லம் இவ்வாறு வளர்ந்தது. நிவாரண முகாம்களில் பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதை மறைக்காமல் எழுதினார். 1897இல் பூனாக் கொள்ளைநோய் மருத்துவமனையில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று செய்தித்தாளுக்கு எழுதினார், அரசு மறுத்தது. மறத்தலே ஆறுதல் எனின் இவ்வெழுத்துகள் தோன்றியிரா.

ஒரு தடையும் கூறவேண்டும். முக்தியில் 1905இல் நிகழ்ந்த எழுப்புதலைப் பற்றிய பதிவுகளில் பெண்கள் அழுததும் மகிழ்ந்ததும் மிகுதியாக உள்ளன. அவை பெரும்பாலும் இல்லத்தாரின் கைவழியே, இல்லத்தின் வெளியீடுகளில் வந்தவை. உணவும் உறையுளும் தரும் இடத்தில் 'நலம்பெற்றேன்' என்று சொல்லும் சிறுமியின் சொல்லை எவ்வளவு தூரம் அவளுடைய சொல்லாகக் கொள்வது? ரமாபாயின் பரிவில் ஐயமில்லை. ஆயினும் தமக்குக் கிடைத்த எட்டாண்டுத் தயக்கம் அச்சிறுமியருக்கும் கிடைத்ததா என்னும் வினா எழுகிறது.

இவ்வினா தமிழ் விவிலிய வாசகர்க்கும் புதியதன்று. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப்போக்கால் துன்புற்ற பெண் வருகிறாள். கிரேக்க மூலத்தில் 28ஆம், 34ஆம் வசனங்களில் ஒரே வினை பயில்கிறது. அதற்குக் காத்தல், குணமாக்கல் என்னும் இரு பொருளும் உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பெண் நினைக்குமிடத்தில் 'சொஸ்தம்' என்றும் இயேசு கூறுமிடத்தில் 'இரட்சித்தல்' என்றும் பிரித்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பின்னதையும் உடல்நலம் சார்ந்த சொல்லாலேயே தருகிறது. உடலின் புண் ஒரு சொல்லிலும் ஆன்மாவின் மீட்பு மற்றொரு சொல்லிலும் போய்ச் சேர்ந்ததால், பின்னது கிடைத்தவர் முன்னதைப் பற்றிப் பேசுவது நன்றியின்மை போலத் தோன்றலாயிற்று. இவ்விரு வசனங்களுக்கும் இடையே அப்பெண் நடந்ததனைத்தையும் கூட்டத்தின் நடுவே சொல்லிவிடுகிறாள் என்பதை நம் சபை உரைகள் விரைந்து கடந்துவிடுகின்றன.

பாமாவின் 'கருக்கு' (1992) அவ்வாறு சொல்லிவிடும் நூல். ரமாபாய்க்குச் சபை வெளியிலிருந்து வந்த அடைக்கலம். பாமாவுக்கோ சபை பிறந்த வீடு, சாதியின் காயமும் அவ்வீட்டிலேயே பட்டது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின் அதனைத் துறந்து வந்தவரின் எழுத்து அது. மடம் கற்பித்த பணிவின் கடவுளுக்கும் ஏழைகளோடு நின்ற இயேசுவுக்கும் உள்ள தொலைவை அவர் தாமே வாசித்து அறிகிறார். முன்–பின் என்னும் வாய்பாடு அங்கு முற்றிலும் உடைகிறது. நூலின் இறுதியிலும் அவர் கரைசேரவில்லை. பனைமட்டையின் அறுக்கும் விளிம்புக்கும் விவிலியத்தில் வாளின் கூர்மைக்கும் வழங்கும் ஒரே சொல்லைத் தலைப்பாகக் கொண்டது தற்செயலன்று.

ரமாபாய் தம் இறுதி ஆண்டுகளை மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பில் செலவிட்டார். எபிரேயமும் கிரேக்கமும் கற்றுச் செய்த பணி அது. வழக்கிலிருந்த மொழிபெயர்ப்பின் வடமொழி மிகுந்த நடை முக்தியின் பெண்களுக்கு விளங்கவில்லை என்பதே அவர் கூறிய காரணம். வடமொழிப் புலமைக்காகப் பட்டம் பெற்றவர் அம்மொழியின் சொற்களைத் தேடித்தேடி நீக்கினார். மகள் மனோரமா 1921இல் இறந்த பின்னும் அவர் அப்பணியை நிறுத்தவில்லை.