கோரே தீவின் அடிமை இல்லம்: உணர்ச்சியும் கணக்கும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கோடியில், செனகால் நாட்டின் தலைநகராகிய டக்காருக்கு எதிரே, கோரே என்னும் சிறு தீவு கிடக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 900 மீட்டர். அகலம் 350 மீட்டர். போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எனக் கடலோடிய இனத்தார் பலர் மாறி மாறி ஆண்ட இத்தீவு, 1978 இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அங்குச் செல்வோர் தவறாமற் காண்பது ‘அடிமை இல்லம்’ என்னும் பொருட்காட்சிசாலை.

அது 1776 அளவில் கட்டப்பெற்ற வணிகர் மாளிகை. மேல்தளத்தில் காற்றோட்டமான கூடங்கள். கீழ்த்தளத்தில் இருண்ட சிற்றறைகள். அவற்றினிடையே கடலை நோக்கிய ஒரு வாயில். அதற்கு ‘மீளா வாயில்’ என்று பெயர். நெடுங்காலம் அவ்வில்லத்தின் காப்பாளராயிருந்த பூபக்கர் ஜோசப் நிஜாய் (1922–2009), பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அடிமைகள் அவ்வாயில் வழியே கப்பலேற்றப்பட்டனர் என்று வருவோர்க்கெல்லாம் எடுத்துரைத்தார். கேட்டோர் கண்ணீர் வடித்தனர். 1992 இல் அங்கு வந்த போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பாலும் அடிமை வணிகப் பாவத்திற்காக மன்னிப்பு வேண்டினார்.

ஆயின் வரலாற்றறிஞர் கணக்கு வேறு. அடிமைகளின் தொகையை ஆராய்ந்து 1969 இல் நூல் வெளியிட்ட பிலிப் கர்ட்டின், நிஜாயின் கூற்றை வன்மையாக மறுத்தார். அட்லாண்டிக் கடல் வழியே கொண்டுசெல்லப்பட்டவர் மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். அவருள் கோரேயிலிருந்து சென்றவர் சில பதினாயிரவரே. லுவாண்டா, வீடா போன்ற துறைகளிலிருந்து சென்றவர் அதனினும் மிகப் பலர். மேலும், அவ்வாயிலுக்கு வெளியே பாறைகள் நிறைந்த கரையே உள்ளது. கப்பல் அணுக இயலாது. இம்மறுப்பை 1996 இல் ‘லெ மோந்த்’ என்னும் பிரெஞ்சு நாளிதழ் வெளியிட்டபோது செனகால் மக்கள் மனம் புண்பட்டனர். அடுத்த ஆண்டே இதுபற்றி ஆராய அறிஞர் கூட்டமும் நடைபெற்றது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. உயர்வு நவிற்சி செய்யுளுக்கு அணி. வரலாற்றுக்கோ அது பிணி. பத்து இலட்சம் என்று கேட்டு அழுதவன், பதினாயிரக்கணக்கு என்று பின்னர் அறியும்போது, தான் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவான். அடிமை வணிகத்தின் கொடுமையைக் குறைத்துப் பேச விரும்புவோர்க்கும் அது நல்வாய்ப்பாகும்.

அதனினும் பெரிய இழப்பு மற்றொன்று. கோரேயில் வாழ்ந்தவருள் பெரும்பாலோர் வீட்டடிமைகள். தானியம் இடித்தவரும், துணி வெளுத்தவரும், படகு வலித்தவரும், சுவர் எழுப்பியவரும் அவர்களே. பிரெஞ்சு அரசு 1848 இல் அடிமை முறையை ஒழிக்கும்வரை அவர்கள் உழைப்பாலேயே அத்தீவு இயங்கிற்று. மீளா வாயிலையே நோக்கும் கண்ணுக்கு, மீளவும் போகவும் வழியின்றி அங்கேயே மாய்ந்த இம்மக்கள் புலப்படுவதில்லை. இல்லாத கூட்டத்தைக் காட்டப்போய், இருந்த மக்களை மறைத்துவிட்டது அக்கதை.

இதனால் நிஜாயின் தொண்டு சிறிதென்று கூறுதல் பொருந்தாது. உலகம் மறந்திருந்த ஒரு கொடுமையை நினைக்கச் செய்தவர் அவர். நடுகல்லின் அடியில் வீரனது உடல் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆயினும் மக்கள் அதனை வணங்கினர். அவ்வாறே அவ்வாயிலையும் ஒரு நினைவுச் சின்னமாகப் போற்றலாம். ஆயின் சின்னத்தைச் சின்னமென்றே சொல்லுதல் வேண்டும். சான்றென்று சொல்லுதல் கூடாது.

மாணவரைப் பொருட்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. காட்டப்படும் பொருள் எது, அதனைப்பற்றிச் சொல்லப்படும் கதை எது என்று பிரித்தறிய அவர்களைப் பழக்குதல் வேண்டும். பிரித்தறிந்தால் இரக்கம் குறையுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஒருவனை விலங்கிட்டு விற்றதே கொடுமை. அதனை உணர்த்தப் பத்து இலட்சம் வேண்டுவதில்லை.