சனடாவும் சார்பட்டாவும்

விளையாட்டுக் கதை எழுத ஆட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, பெயர் வைக்கவும் தெரிய வேண்டும். ஜப்பானியக் காமிக்ஸ்காரர்கள் இதில் மன்னர்கள். தகேஷி கொனோமி 1999-இல் தொடங்கிய ‘பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்’ தொடரில் ரிக்காய் என்றொரு பள்ளி அணி வரும். கேப்டன் யுகிமுரா, துணைக் கேப்டன் சனடா. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: சனடா யுகிமுரா. 1615-இல் ஒசாகா கோட்டைப் போரில் மாண்ட மாவீரன். ஒருவன் பெயரைப் பிளந்து இரண்டு பையன்களுக்குப் பங்கு வைத்துவிட்டார் கொனோமி.

அதோடு விட்டாரா? காமிக்ஸ் சனடாவின் அடிகளுக்குக் காற்று, காடு, நெருப்பு, மலை என்று பெயர். தகேதா ஷிங்கென் என்ற பிரபுவின் போர்க்கொடியில் இருந்தவை இவை. சனடா குடும்பமோ தகேதாவிடம் சேவகம் பார்த்த குடும்பம். சரித்திரம் படித்த பையனுக்கு, ராக்கெட்டை ஓங்கும்போதே கொடி பறப்பது தெரிந்துவிடும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த வீரனின் நிஜப் பெயர் நொபுஷிகே. யுகிமுரா என்பது பிற்காலப் போர்க்கதைகள் பரப்பிய பெயர். கதை சரித்திரத்துக்குக் கொடுத்ததைத்தான் இன்னொரு கதை கடன் வாங்கியிருக்கிறது.

வாலிபால் தொடரான ‘ஹைக்கியூ’ மியாகி மாகாணத்தில் நடக்கிறது. பிளாக்கில் இரும்புச் சுவர் என்று பேர் வாங்கிய அணிக்கு ‘தாதே’ என்று பெயர். அந்த மாகாணத்தின் சென்டாய் நகரை உருவாக்கிய தாதே மசமுனேயின் குடும்பப் பெயர் அது. இத்தனைக்கும், சாமானியர் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது 1875-இல்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலோடு சரி. ஆனால் வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்கள் இந்தக் குறையை என்றைக்கோ தீர்த்துவிட்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை எல்லாம் நிஜமாகவே இருந்தவை. ரத்தவழி வருவதல்ல, வாத்தியார்வழி வருவது. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படத்தில் ரிங்கில் நிற்பது கபிலன்தான், ஆனால் அடி விழுவது ரங்கன் வாத்தியார் மானத்தின் மேல். எதிரில் வருகிறவனுக்கு வேம்புலி என்று பெயர் வைத்தது எனக்கு இன்னும் பிடிக்கும். உச்சரிக்கும்போதே நாக்கு கசக்கிறது. சுமோவிலும் இந்தப் பரம்பரைக் கணக்கு உண்டு. 2024-இல் ஒசெக்கி என்ற இரண்டாம் உயர்பட்டத்துக்கு ஏறிய கோட்டோநோவாகா, யோகோசுனா என்ற உச்சப் பட்டத்தில் இருந்த தாத்தாவின் கோட்டோசகுரா என்ற பெயரைச் சூடிக்கொண்டார். பேரனாகவே இருந்தாலும் ஜெயித்த பிறகுதான் பெயர்.

தென்மாவட்டத்தில் ஊரே குடும்பப் பெயர். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர் மணத்தி கணேசன். அவர் வாழ்க்கையிலிருந்து ‘பைசன்’ எடுத்த மாரி செல்வராஜ், நாயகனுக்கு வனத்தி கிட்டான் என்று வைத்தார். ஆள் பெயரை அடியோடு மாற்றியவர், ஊர்ப் பெயரின் ஓசையில் கைவைக்கவில்லை பாருங்கள். அதுதான் தொழில் தெரிந்த கை.

எங்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கதை தேடி வருகிறவருக்கும் சரக்கு இருக்கிறது. கல்வராயன் மலையில் 1976 வரை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள் இருந்தன. ஜாகிர் போய்விட்டது, பெயர்கள் மலையிலேயே கிடக்கின்றன. கீழே எங்கள் சர்க்கரை ஆலை ஊரில் கபடி நடந்தால் மைக்செட்டில் ஆள் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர்தான் முழங்கும். பாடிப் போகிறவனுக்குச் சடையன் என்று ஒருவர் பெயர் வைத்தால், நம் பக்கத்து ஆள் நிமிர்ந்து உட்காருவான். ஊரையும் சேர்த்து வைப்பதானால் தையற்காரரைக் கேட்டுக்கொள்வது நல்லது: மூங்கில்துறைப்பட்டு பனியன் முதுகில் ஒரே வரியில் அடங்காது.