கிரேமர் வீட்டு வரவு செலவு

‘கிரேமர் வெர்சஸ் கிரேமர்’ என்றதும் எல்லோரும் பிரெஞ்சு டோஸ்ட் சீனைத்தான் சொல்வார்கள். மனைவி போன மறுநாள் காலை டஸ்டின் ஹாஃப்மன் முட்டை, ரொட்டி, பாலோடு சமையலறையில் அல்லாடுவாரே, அது. நல்ல சீன்தான். ஆனால், பி.காம். படித்தவன் கண்ணுக்கு அதற்கு முந்தின ராத்திரிதான் பெரிசாகத் தெரிகிறது.

‘நான் போகிறேன்’ என்று சொல்ல வந்த மெரில் ஸ்ட்ரீப், முதலில் கணக்கை ஒப்படைக்கிறார். சாவி, கிரெடிட் கார்டு, செக் புக், சலவைக்குப் போட்ட ரசீது. வாடகை, போன் பில் எல்லாம் கட்டியாச்சு. சேமிப்பிலிருந்து 2,000 டாலர் மட்டும் எடுத்துக்கொள்கிறார். கல்யாணத்துக்கு முன்பு அவர் பேங்கில் வைத்திருந்த அதே தொகை. எட்டு வருஷக் குடித்தனம், ஒரு பிள்ளை... போட்ட முதலை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வட்டிகூடக் கேட்கவில்லை!

ராபர்ட் பென்டன் இயக்கி 1979-ல் வந்த இந்தப் படம், மறு வருஷம் ஐந்து ஆஸ்கர்களை அள்ளியது. அழவைக்கும் படம் என்று பெயர் வாங்கிவிட்டது. எனக்கென்னவோ, பணக் கவலையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய குடும்பப் படங்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

மகன் பில்லியைத் தன்னிடம் கொடு என்று ஜோவன்னா திரும்பி வருகிறார். டெட் வக்கீலிடம் ஓடுகிறார். 15,000 டாலர் ஆகும் என்கிறார் வக்கீல். சாதகம், பாதகம் எழுதிப் பாருங்கள் என்று யோசனையும் சொல்கிறார். டெட் பேப்பரை எடுத்து நடுவில் கோடு போடுகிறார். பாதகம் பக்கம் மளமளவென்று நிரம்புகிறது. சாதகம் பக்கம் காலி. எந்த ஆடிட்டரும் ‘கடையை மூடுங்க சார்’ என்றுதான் சொல்வார். இவரோ எழுந்து போய்த் தூங்கும் பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார்.

நேரம் பார்த்து வேலை போகிறது. வேலை இல்லாதவனிடம் கோர்ட் பிள்ளையைக் கொடுக்காது. கிறிஸ்துமஸ் பார்ட்டி நடக்கிற ஆபீஸில் போய் நின்று, ‘இன்றே பதில் சொல்லுங்கள்’ என்று அடம்பிடித்து, குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறார். அந்த அவசரத்தை ஹாஃப்மன் கழுத்து நரம்பிலேயே காட்டியிருக்கிறார்.

கோர்ட்டில் சம்பளம் ஏலம் விடப்படுகிறது. டெட் வருஷத்துக்கு 28,200 டாலர். ஜோவன்னா 31,000. சம்பளம் இறங்கியதே குற்றம் என்பதுபோல எதிர்த்தரப்பு வக்கீல் குடைகிறார். பிள்ளைக்காகத்தானே இறங்கியது?

ஜோவன்னாவுக்கும் இதே அநியாயம் முன்பே நடந்திருக்கிறது. வேலைக்குப் போகிறேன் என்றபோது, ‘உன் சம்பளம் ஆயாவுக்கே சரியாப் போகும்’ என்கிற ரீதியில் டெட் தட்டிக் கழித்திருக்கிறார். அதைச் சாட்சிக் கூண்டில் ஒரு நிமிஷம் சொல்லவிடுகிறார் பென்டன். அதோடு சரி. டெட் இழந்த சம்பளத்தைக் காட்சியாகக் காட்டியவர், ஜோவன்னா சம்பாதிக்காமல் விட்ட வருஷங்களை வசனத்தோடு முடித்துவிட்டார். படத்தின் தராசு சாய்வது இங்கேதான். நம் உச்ச நீதிமன்றம் 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும்போது இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. பிள்ளை வளர்க்க மனைவி விட்ட வேலையையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. ஜோவன்னாவுக்கு அப்படி ஒரு பத்திரம் கிடைத்திருந்தால் அந்த எட்டு வருஷத்துக்கு ஒரு வரியாவது இருந்திருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு வீடு இரண்டானால் வாடகை இரண்டு, கரண்ட் பில் இரண்டு, பிள்ளைக்குக் கட்டிலும் இரண்டு. பில்லியின் பழைய அறைச் சுவரில் இருக்கும் மேகங்களைப் போலவே தன் வீட்டுச் சுவரிலும் வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றியதாகக் கடைசியில் சொல்கிறார் ஜோவன்னா. தொண்டை அடைக்கிறது. அந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று மட்டும் படம் சொல்வதில்லை.

தீர்ப்பில் பிள்ளை அம்மாவுக்கு. அப்பா மாதம் 400 டாலர் தர வேண்டும். அப்புறம் ஜோவன்னாவே மனசு மாறி, அவன் இங்கேயே இருக்கட்டும் என்கிறார். லிஃப்ட் கதவு மூடுகிறது. படம் முடிந்தது. சரி, அந்த 400 டாலர்? டெட் தர வேண்டாம், புரிகிறது. அதிகம் சம்பாதிக்கிற ஜோவன்னா இனி மாதாமாதம் தருவாரா? டெட்தான் கேட்பாரா?

லிஃப்ட் மேலே போய்விட்டது. பென்டன் பில்லைக் கட்டாமலே எழுந்துவிட்டார்.