மரமும் மணியும்: எல்லையோரக் கள்ளின் மரபுகள்

குளிர்நாட்டுச் சிவப்பு ஒயினுக்கு ஒரு பெருமை உண்டு. பிரான்சின் பர்கண்டிச் சரிவுகளில் பினோ நுவார் திராட்சை அவசரமில்லாமல் பழுக்கும். வெயில் குறைவு என்பதால் புளிப்பு போகாமல் நிற்கும். அந்தப் புளிப்பின் பலத்தில் நல்ல புட்டி இருபது வருடம் நிலவறையில் கிடந்து விலை ஏறும். மீனாட்சிபுரத்துக் கள்ளுக்கு அந்த யோகம் இல்லை. இன்று காலை இறக்கியது நாளைக் காலை வேறு சரக்கு. அதனால் கள்ளின் மரபுகளை மரத்தை வைத்துப் பிரிப்பதைவிட, ஓடுகிற மணியை ஒவ்வொரு ஊரும் எப்படிச் சமாளித்தது என்று பார்த்துப் பிரிப்பதே சரி என்பது என் எண்ணம்.

முதலில் ஊர். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில், சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிச் சாலை கேரளத்துக்குள் நுழையும் இடம் மீனாட்சிபுரம். வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் அதிகம். சாலைக்கு அந்தப் பக்கமும் தென்னை, இந்தப் பக்கமும் தென்னை. அந்தப் பக்கத்து மரத்தில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கக் கூடாது. இந்தப் பக்கத்து மரத்தில் வரி கட்டி, எண் எழுதி, பாளை சீவலாம். மழைமறைவுப் பூமியில் இவ்வளவு தென்னை நிற்பதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும். அந்தக் கணக்கில் குறைந்தால் தோப்புக்காரர் முகம் வாடும். கோக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியதாக எழுந்த போராட்டத்தால் 2004இல் மூடப்பட்ட பிளாச்சிமடையும் இந்தப் பக்கம்தான். குடிக்கிற பொருளால் பேரெடுத்த வட்டாரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தென்னையில் கள் எடுப்பது கையின் வித்தை. வெடிக்காத பாளையை நாரால் இறுகக் கட்டி, எலும்பாலோ மரக்கட்டையாலோ நாள்தோறும் தட்டுவார்கள். ஓங்கி அடித்தால் உள்ளே பூ நசுங்கிப் பாளை அழுகும். மெத்தனமாகத் தட்டினால் ஊறாது. அடி முதல் நுனி வரை ஒரே தாளம். பிறகு நுனியைச் சீவி, முட்டியைக் கவிழ்த்துக் கட்ட வேண்டும். சீவல் காகிதம்போல மெல்லிசாக இருக்க வேண்டும். தடிமனாகச் சீவுகிறவன் ஒரு பாளையைப் பாதி நாளிலேயே தின்று தீர்ப்பான். சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். முட்டியில் ஒட்டியிருக்கும் பழைய ஈஸ்டும் காற்றில் வருகிற நுண்ணுயிரும் அங்கேயே, மரத்து மேலேயே, வேலையைத் தொடங்கிவிடும். இளங்கள்ளில் நுரை பொடிப்பொடியாக ஓயாமல் எழும். வாயில் இனிப்பு முந்தும். அந்திக்கள்ளில் இனிப்பும் புளிப்பும் சமம். மூத்த கள்ளில் புளிப்பு மூக்கிலேயே தெரிந்துவிடும்.

பனைக்காரர்கள் மணியை நிறுத்தவே கற்றுக்கொண்டார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிப்பேறாது. கள் ஆக வேண்டியது பதநீராக நிற்கும், காய்ச்சினால் கருப்பட்டி. ஆண்பனைப் பாளையைக் கடிப்பு என்னும் கிடுக்கியால் நெரித்துப் பதப்படுத்தும் முறையே தனி. தென்னையைப்போல வருடம் முழுக்கக் கிடைக்காது, பருவம் உண்டு. சித்தூர் வட்டத்தின் வறண்ட கிழக்கோரத்தில் பனங்கள் குடித்துப் பழகியவர் தென்னங்கள்ளை மட்டமாகத்தான் பேசுவார். நியாயமான மட்டம் என்பேன். பனங்கள்ளின் மணம் வேறு.

இடுக்கி மலையோரத்தில் கூந்தற்பனை. வாழ்நாளில் ஒரு முறை பூக்கத் தொடங்கி, உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு குலையாக விட்டு, கடைசிக் குலையோடு மரம் செத்துப்போகும். அந்தக் காலத்துக்குள் குடம் குடமாகக் கொடுக்கும். மலைக்காரர் வழி எளிது: மரத்தடியிலேயே குடி. இலங்கையில் இதே மரத்தின் நீரைக் காய்ச்சிப் பாணியாக்குகிறார்கள். அங்கே களுத்துறைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, தரைக்கு இறங்காமல் மரத்துக்கு மரம் நடந்து கள் எடுப்பார்கள்; அது வடிசாலைக்குப் போய் அரக்காகிறது. அரக்குக்குக் கடிகாரத்தைப் பற்றிக் கவலையில்லை. கேரளத்தில் 1996இல் சாராயம் தடையானதால் அந்த வழி அடைபட்டது. குட்டநாடு வேறு வழி கண்டது. கடையையே சமையற்கூடமாக்கி, மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்து, கள்ளை அந்தந்த ஊரிலேயே செலவழித்தது.

சித்தூரின் வழி லாரி. கேரளத்துக் கள்ளுக்கடைகளில் பல, மத்திய, தென் மாவட்டங்களில்கூட, இந்த வட்டத்துத் தோப்புகளை நம்பித்தான் திறக்கின்றன. விடியலில் இறக்கியது கன்னாசில் ஏறி, அனுமதிச் சீட்டோடு நெடுந்தூரம் போகிறது. இங்கே மேற்சொன்ன மரபுகளில் இல்லாத ஒரு சிக்கல் வருகிறது: எர்ணாகுளத்தில் குடிக்கிறவனுக்கு மரமும் தெரியாது, மணியும் தெரியாது.

இதற்கு அரசு கையில் எடுத்த அளவுகோல் எண். கேரள விதிப்படி கள்ளில் இருக்கலாகும் சாராயச் சத்தின் உச்சவரம்பு நெடுநாள் தென்னைக்கு 8.1 சதவீதம், பனைக்கு 5.2, கூந்தற்பனைக்கு 5.9 என்று இருந்தது. மரத்துக்கு மரம் வேறு எண் வைத்தது நல்ல காரியம். மூன்றும் மூன்று சரக்கு என்று சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி. ஸ்பிரிட் கலப்பைப் பிடிக்க இந்த எண் வேண்டும். 2010இல் மலப்புறம் மாவட்டத்தில் விஷக்கள் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் இந்த எண் நல்ல கள்ளைக் காட்டாது. கள்ளில் சாராயச் சத்து ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு புளிகாடியாக மாறி இறங்கும். ஏறும்போதும் ஐந்தைத் தொடும், இறங்கும்போதும் ஐந்தைத் தொடும். ஆய்வகத்துக்கு இரண்டும் தேறியவை. நாக்குக்கு ஒன்று கள், இன்னொன்று காடி. தண்ணீர் ஊற்றி இனிப்பு கலந்ததும் இந்த வரம்புக்குள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும்.

மீனாட்சிபுரத்திலேயே பால்வளத் துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டிகளை, ஓணம் சமயத்தில் இன்னும் கெடுபிடியாக, நிறுத்தி மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். கெடும் பொருளை எல்லையில் எப்படிப் பார்ப்பது என்று இந்த ஊருக்குத் தெரியும். கள்ளுக்கு நான் கேட்பது இவ்வளவே: கடைப் பலகையில் எந்தத் தோப்பு, எத்தனை மணிக்கு இறக்கியது என்று இரண்டு வரி. விலையும் அந்த மணியைப் பொறுத்து இறங்கட்டும். மூத்ததை இளசு என்று விற்பதற்குப் பதில் மூத்தது என்றே விற்கலாம்; வாங்க ஆள் இருக்கிறது. ஆப்ப மாவைப் பொங்க வைக்கக் கோட்டயத்து அடுக்களைகளுக்குக் கள் வேண்டும், ஊறுகாய்க்கும் இறைச்சிக்கும் கள்ளுக்காடி வேண்டும்.