ஒரே கத்தரி

சொரியாசிஸ் படையின் வெள்ளிச் செதிலை மெல்லச் சுரண்டினால், அடியில் குண்டூசி முனையளவு ரத்தம் புள்ளி புள்ளியாக அரும்பும். ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ரிக் ஆஸ்பிட்ஸின் பெயரால் வழங்கும் அடையாளம் அது. இயல்பான தோலில், அடியடுக்கில் பிறக்கும் செல் மேலேறி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். இங்கே சில நாட்களில் வந்துவிடுகிறது. வந்த வேகத்தில், வழியில் கரைந்திருக்க வேண்டிய உட்கருவையும் சுமந்துகொண்டே செதிலாகிவிடுகிறது.

அவசரப்படுத்துவது யார்? நோயெதிர்ப்பு மண்டலத்தின் டென்ட்ரைட்டிக் செல், இன்டர்லூக்கின்-23 என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கிறது. அதனால் தூண்டப்பட்ட டி-செல் என்னும் இன்னொரு நோயெதிர்ப்புச் செல் இன்டர்லூக்கின்-17-ஐ வெளியிடுகிறது. அதைப் பெற்ற தோல்செல் பெருகுவதோடு நிற்பதில்லை. இன்னும் பல டி-செல்களை வரவழைக்கும் வேதிப்பொருளையும் தானே செய்து அனுப்புகிறது. தாக்கப்படும் செல்லே தாக்குவோரை அழைக்கிறது!

இந்த வட்டத்தை மதுவும் முடுக்கக்கூடும். அது கைவைக்கும் இடங்களுள் என்னை மிகவும் வியக்கவைப்பது டி.என்.எஃப்-ஆல்ஃபா. அழற்சியை மூட்டும் இந்தப் புரதம் பிறக்கும்போது செல்லின் மேலுறையோடு கட்டுண்டு கிடக்கிறது. ஒரு நொதி கத்தரிபோல வெட்டிவிட்டால்தான் விடுபட்டுத் தொலைவுக்குப் போகும். நுட்பம் இதற்கு மேல்தான் இருக்கிறது. டி.என்.எஃப்-ஐப் பற்றிக்கொள்ளும் ஏற்பியையும் அதே கத்தரிதான் நறுக்குகிறது. நறுக்குண்ட ஏற்பி ரத்தத்தில் மிதந்து, அங்கே திரியும் டி.என்.எஃப்-ஐப் பிடித்து அடக்கவும் கூடும். மூட்டுவதும் தணிப்பதும் ஒரே கருவி! தொடர்ந்து குடிக்கும் சொரியாசிஸ் நோயாளிகளிடம் இந்த நொதியையும் நறுக்குண்ட ஏற்பியையும் சேர்த்தே அளந்து பார்த்திருக்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

மதுவுக்கும் இரண்டு முகம் உண்டு. ஒருமுறை குடித்தால் ரத்தத்தின் மோனோசைட் செல்கள் டி.என்.எஃப் சுரப்பதைச் சற்றுக் குறைத்துக்கொள்கின்றன. நாள்பட்ட குடியில் அதே செல்கள் மிகையாகச் சுரக்கின்றன. குடலின் உட்சுவரும் தளர்ந்துவிடுவதால் பாக்டீரியாவின் உறைத்துணுக்குகள் கசிந்து கல்லீரலை எட்டுகின்றன. அங்கே காவலிருக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றைக் கண்டு மேலும் டி.என்.எஃப்-ஐச் சுரக்கின்றன. கையிலும் முழங்காலிலும் தெரியும் படைக்குக் குடலிலிருந்தும் தூண்டுதல் வரலாம்.

ஹங்கேரியின் செகெத் நகர ஆய்வாளர்கள் 2003-இல் இன்னும் நெருங்கிப் போனார்கள். நோயெதிர்ப்புச் செல் எதுவும் இல்லாமல், வளர்ப்புத் தோல்செல்கள் மீது மட்டும் எத்தனாலைச் செலுத்தினார்கள். செல்கள் பெருகின, செல்பிரிவை முடுக்கும் சைக்ளின் டி1-க்கான மரபுச்செய்தியும் கூடியது. ஆக, மது தோல்செல்லிடம் நேரடியாகவும் பேசுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நோயாளியைப் பார்த்து, ‘குடியால் வந்த நோய்’ என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது. ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும் இது வருகிறது. படையை மறைத்து மறைத்து மனம் ஒடிந்து குடிக்கத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்.

மது என்று ஒரே சொல்லில் அடக்குவதும் முழுச் சரியில்லை. அமெரிக்கச் செவிலியர் 80,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், சொரியாசிஸ் அபாயத்தோடு தொடர்பு காட்டியது வழக்கமான பியர் மட்டுமே. ஒயினுக்கோ, லைட் பியருக்கோ, காய்ச்சி வடித்த மதுவுக்கோ அந்தத் தொடர்பு தென்படவில்லை. வழக்கமான பியரில் தானியம் அதிகம் சேர்வதால், பார்லியின் குளூட்டன் பக்கம் பார்வையைத் திருப்பினார்கள் அந்த ஆய்வாளர்கள்.