கொக்கி குமாரும் நாமும்

தமிழ் சினிமாப் படம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜாதகம் உண்டு. ஒன்று, அது வெளியாகும் வெள்ளிக்கிழமையன்று கொட்டகை வாசலில் கணிக்கப்படுவது. மற்றொன்று, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தானாகத் தெரிய வருவது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டே இல்லாத தமிழ்ப் படமா என்று அன்றைய ரசிகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இன்று அதைப் போற்றாத விமரிசகர் இல்லை.

செல்வராகவனின் 'புதுப்பேட்டை' அந்த ஜாதியைச் சேர்ந்தது. 2006-ம் ஆண்டு மே 26-ந் தேதி அது வெளியாயிற்று. தனுஷ் கதாநாயகன், சினேகாவும் சோனியா அகர்வாலும் கதாநாயகிகள், யுவன் சங்கர் ராஜாவின் சங்கீதம். அன்று கிடைத்த வரவேற்பு அரை மனசு வரவேற்புத்தான். இரத்தம் அதிகம், நீளம் அதிகம், இப்படி ஒரு கதாநாயகனா என்றெல்லாம் பேச்சு எழுந்தது. வருஷங்கள் போகப் போக நிலைமை தலைகீழாகிவிட்டது. அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்திருக்கவே முடியாத வயதுப் பிள்ளைகள் கூட இன்று கொக்கி குமாரின் வசனங்களைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். செல்போனில் அவன் படத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

அன்று தயங்கியவர்கள் ரசனை இல்லாதவர்கள், இன்று கொண்டாடுகிறவர்கள் ரசிகர்கள் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கதையைப் பார்ப்போம். குமார் ஒரு குடிசைப் பகுதிப் பையன், பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். பெற்ற தகப்பனே தாயைக் கொன்றுவிட்டான் என்று தெரிந்ததும் உயிருக்குப் பயந்து ஓடுகிறான். பிச்சை எடுக்கிறான். ஜெயிலுக்குப் போகிறான். அன்பு என்னும் தாதாவின் கூட்டத்தில் ஒட்டிக்கொள்கிறான். அந்த அன்புக்கும் மேலே தமிழ்ச்செல்வன் என்னும் அரசியல்வாதி. பாலா சிங்கும் அழகம் பெருமாளும் அந்த இரண்டு வேஷங்களையும் நடித்திருக்கும் விதம் அபாரம். தொழிலைக் கற்றுக்கொண்ட குமார், அன்பையே வீழ்த்தி அவன் இடத்தில் உட்காருகிறான். பிறகு அரசியலுக்குப் போகிறான்.

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். குமார் வீரன் அல்ல என்பதுதான் புதிது! ஒல்லியான தேகம், அடி விழுந்தால் அலறுகிறான், பயந்து நடுங்குகிறான். கொல்லாவிட்டால் தான் செத்துவிடுவோம் என்ற திகிலில்தான் கொல்கிறான். படத்தின் தொடக்கத்திலேயே அவன் சிறை அறையில் தனியாக, புத்தி பேதலித்தவனைப் போலப் பேசிக்கொண்டிருக்கிறான். இவன் வாழ்ந்த வாழ்க்கையின் பலன் இதுதான் என்று டைரக்டர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

நாவல் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் படத்தின் வசனத்தில் பாலகுமாரனுக்குப் பங்கு இருக்கிறது. 'மெர்க்குரிப் பூக்கள்', 'இரும்புக் குதிரைகள்' எழுதிய அதே பாலகுமாரன். 1987-ல் மணிரத்னத்தின் 'நாயகன்', 1995-ல் சுரேஷ் கிருஷ்ணாவின் 'பாட்ஷா' ஆகிய படங்களுக்கும் அவரே வசனகர்த்தா. தமிழில் பெயர் பெற்ற மூன்று தாதாக்களும் ஒரே நாவலாசிரியரின் பேனா வழியாகப் பேசியிருக்கிறார்கள் என்பது வேடிக்கையான உண்மை.

மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வேலு நாயக்கரைப் பார்த்து, நீ நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியைப் பேரக்குழந்தை கேட்கிறது. தனக்கே தெரியவில்லை என்கிறார் அவர். படம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுமந்து நடக்கிறது. 'பாட்ஷா'வில் கேள்விக்கே இடமில்லை. நண்பன் அன்வரின் கொலை அவனைத் தாதா ஆக்குகிறது. ஆகவே அவன் நல்லவன். ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்துக்குள் ராஜா ஒருவன் ஒளிந்திருக்கிறான், அவ்வளவுதான். கொக்கி குமாரிடம் வரும்போது நன்மை தீமை என்ற கணக்கே அழிந்துபோகிறது. உயிரோடு இருக்கிறேனா, இல்லையா? அவனுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றே. வேலு நாயக்கரைச் சுற்றி நன்றியுள்ள ஜனங்கள் கூடுகிறார்கள். குமாரைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? பயந்தவர்களும், சமயம் பார்ப்பவர்களும்தான்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். மொரப்பூர், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே ரயில் நிற்கும் ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிள்ளைகள் போவது தருமபுரி ஜில்லாவில் புதிய செய்தி அல்ல. ஸ்டேஷனில் பெட்டியும் பையுமாகக் காத்திருந்த வாலிபன் ஒருவனோடு பேச்சுக் கொடுத்தேன். பேச்சு சினிமாவுக்கு வந்து, 'புதுப்பேட்டை'யில் நின்றது.

"அதில் உனக்கு என்னப்பா பிடித்தது?" என்றேன்.

"ஒண்ணுமே இல்லாத பையன் சார். கடைசியில எல்லாரும் அவனப் பாத்து நடுங்கறாங்க இல்லீங்களா?"

"சிநேகிதனுடைய தங்கை கழுத்தில் திடீரென்று தாலி கட்டிவிடுகிறானே, அது?"

"அதுதாங்க கெத்து!" என்று சிரித்தான்.

அவன் கெட்ட பையன் அல்ல. பேச்சில் மரியாதை இருந்தது. ஆனால் அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. தலைமை தாங்கித் தாலியை எடுத்துக் கொடுக்க வந்தவன், மணப்பெண்ணான செல்வி கழுத்தில் தானே அதைக் கட்டுகிறான். வேறொருவனை மணக்க உட்கார்ந்திருக்கும் பெண் அவள். அவனுக்காகவே வாழும் கிருஷ்ணவேணியோ ஏற்கெனவே இருக்கிறாள். நாம் நடுங்க வேண்டிய கட்டம் அது. குமார் மனிதத் தன்மையை இழந்துவிட்டான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் கை தட்டுகிறவன் 'புதுப்பேட்டை'யைப் பார்க்கவில்லை. 'புதுப்பேட்டை'க்குள் 'பாட்ஷா'வைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டான்!

இந்தப் பழி முழுவதையும் பார்க்கிறவன் தலையில் போட முடியுமா? படத்திலும் குறை இருக்கிறது. செல்வியின் மனசுக்குள் காமிரா நெடுநேரம் தங்குவதில்லை. கிருஷ்ணவேணியின் துக்கத்தையும் குமாரின் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். போதாததற்கு, கத்தியை எடுக்கும் போதெல்லாம் யுவனின் வாத்தியங்கள் நம் இரத்தத்தைச் சூடேற்றுகின்றன. அறிவு 'வேண்டாம்' என்கிறது, காது 'ஆஹா' என்கிறது. இரண்டுக்கும் நடக்கும் சண்டையில் வாலிப வயதில் எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்?

இது நம் நாட்டுக்கு மட்டும் ஏற்பட்ட சங்கடமும் அல்ல. 1932-ல் அமெரிக்காவில் 'ஸ்கார்ஃபேஸ்' வெளிவந்தபோது தணிக்கைக்காரர்களைச் சமாதானப்படுத்த, 'தேசத்தின் அவமானம்' என்று ஒரு துணைத் தலைப்பை ஒட்டவேண்டி வந்தது. ஒட்டி என்ன பயன்? ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தது அந்தத் தாதாவைத்தான். தலைப்பினால் ரசனையைத் திருத்த முடியாது. தடை போட்டாலும் திருந்தாது.

பின் என்னதான் செய்வது? படத்தை முழுதாகப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பேன். இன்றைய பிள்ளைகள் 'புதுப்பேட்டை'யைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். குமார் ஜெயிக்கும் அரை நிமிஷங்கள் மட்டும் கைக்குக் கை மாறுகின்றன. தாயை இழந்து ஓடிய இரவு அந்தத் துண்டுகளில் இல்லை. உயிர் தப்புவதற்காகப் பெற்ற குழந்தையையே விட்டுவிட்டு ஓடுகிறானே, அந்தக் கட்டமும் இல்லை. தகப்பனிடமிருந்து தப்பி ஓடிய பிள்ளை, கடைசியில் தானும் அதே தகப்பனாக ஆகிவிடுகிறான். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைக்கும் பதவியும் மாலைகளும் அவனைக் கேலி செய்வதற்காகவே வந்தவை.

2006-ல் தயங்கியவர்களைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு என்பது இதனால்தான். அவர்கள் படத்தைத் தள்ளியது தவறாக இருக்கலாம். ஆனால் அது காட்டியதைச் சரியாகப் பார்த்தார்கள், பார்த்ததனால் பயந்தார்கள். இன்றைய கைதட்டலில் அந்தப் பயம் இல்லை. பயப்படத் தெரிந்த ரசிகனுக்காக எடுக்கப்பட்ட படம் அது. அவன் வரும்வரை 'புதுப்பேட்டை'யின் இரண்டாவது ஜாதகமும் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.